லட்சங்களில் ஒரு கைக்கடிகாரம்: சொகுசுக் கடிகாரக் கடைகளை நாடி மக்கள் செல்வது ஏன்? வாங்கும் முன் அறிய வேண்டியவை என்ன?

புதுடெல்லி: நேரம் பார்ப்பதற்காக இன்று எவரும் கைக்கடிகாரம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டைப்பையில் இருக்கும் செல்போன் தனிச் செலவு ஏதுமின்றி நொடி பிசகாமல் நேரம் காட்டுகிறது. ஆயினும், ஒரு லட்சம் ரூபாயில் தொடங்கிப் பல லட்சங்கள் வரை விலை போகும் சுவிஸ் கைக்கடிகாரங்களுக்கான இந்தியச் சந்தை அண்மை ஆண்டுகளில் வேகமாக விரிவடைந்துள்ளது. சுவிட்சர்லாந்தில் இருந்து இந்தியாவுக்கான கடிகார ஏற்றுமதி 2023ஆம் ஆண்டில் 20 கோடி சுவிஸ் பிராங்கைக் கடந்தது. 2024ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 25 சதவீதம் உயர்ந்து, சுமார் 27 கோடி பிராங்கை எட்டியது.

இந்தக் கடிகாரங்களை வாங்க விரும்புவோர் மாதக்கணக்கில் இணையத்தில் விவரம் தேடுகின்றனர், காணொளிகளைப் பார்க்கின்றனர், விலைகளை ஒப்பிடுகின்றனர். ஆனால், பணத்தைக் கொடுக்கும் நேரம் வரும்போது அவர்களில் பலர் சொகுசுக் கடிகாரங்களுக்கென்றே அமைந்த தனிக்கடைகளுக்கு நேரில் செல்கின்றனர். இணையத்தில் சற்றுக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று தெரிந்தும் அவர்கள் கடையைத் தேர்ந்தெடுப்பது ஏன்? அந்தக் கடைகள் உண்மையில் எதை விற்கின்றன? அங்கு வாடிக்கையாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் எவை? இவற்றை இத்தொகுப்பு விளக்குகிறது.

இருவகைக் கடைகள்

சொகுசுக் கடிகாரக் கடைகளைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம். ஒரே நிறுவனத்தின் கடிகாரங்களை மட்டும் விற்பவை முதல் வகை. 'பூட்டிக்' என்ற பிரெஞ்சுச் சொல் பெரும்பாலும் இவற்றையே குறிக்கிறது. கடையின் மரவேலைப்பாடு முதல் விளக்கொளி வரை அனைத்தும் சுவிட்சர்லாந்தில் உள்ள தலைமையகம் வகுத்த வடிவில் இருக்கும். சில கடிகாரங்கள் இத்தகைய கடைகளில் மட்டுமே விற்பனைக்கு வருவதும் உண்டு.

பல நிறுவனங்களின் கடிகாரங்களை ஒரே கூரையின் கீழ் விற்பவை இரண்டாம் வகை. 2003ஆம் ஆண்டில் சண்டிகரில் முதல் கடையைத் திறந்து, 2022ஆம் ஆண்டில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட எதோஸ் நிறுவனம் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. கடிகார முகப்புகளையும் முட்களையும் தயாரிக்கும் கேடிடிஎல் குழுமத்தைச் சேர்ந்தது இந்நிறுவனம். டைட்டன் நிறுவனத்தின் ஹீலியோஸ் கடைகளும் பல நிறுவனக் கடிகாரங்களை விற்கின்றன.

ஒன்றை முடிவு செய்துவிட்டு வருபவருக்கு முதல் வகைக் கடை பொருந்தும். எதை வாங்குவது என்று தீர்மானிக்காதவருக்கு இரண்டாம் வகையே ஏற்றது. ஒரே விலையில் மூன்று நிறுவனங்களின் கடிகாரங்களை அடுத்தடுத்துக் கையில் கட்டிப் பார்த்து ஒப்பிடும் வாய்ப்பு அங்குதான் கிடைக்கும்.

கடை வைத்திருப்பவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. வாசலில் உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், கடையை நடத்துவது பெரும்பாலும் அந்நிறுவனத்தால் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் விற்பனையாளரே. ரோலெக்ஸ் நிறுவனம் உலகெங்கும் நெடுங்காலமாக இம்முறையைத்தான் பின்பற்றி வந்துள்ளது. சுவிட்சர்லாந்தின் பெரும் விற்பனையாளரான புக்கரர் நிறுவனத்தை வாங்குவதாக 2023 ஆகஸ்டில் அது அறிவித்தபோது, கடிகாரத் துறையே வியப்படைந்ததற்கு இதுவே காரணம்.

இந்தியாவுக்குப் புதிதல்ல

சுவிஸ் கடிகாரங்களுடன் இந்தியாவுக்கு உள்ள தொடர்பு ஒன்றரை நூற்றாண்டு பழமையானது. 1737ஆம் ஆண்டில் வேர்கொண்ட ஃபாவ்ரே லூபா நிறுவனம் 1865ஆம் ஆண்டிலேயே பம்பாய் சந்தைக்கு வந்தது. இந்தியச் சந்தையை மனத்தில் கொண்டு 1886ஆம் ஆண்டில் பம்பாயில் 'வெஸ்ட் எண்ட் வாட்ச்' என்ற பெயர் உருவானது. ரயில்வே ஊழியர்களும் படைவீரர்களும் அக்கடிகாரங்களை விரும்பி அணிந்தனர். ஜேகர் லெகூல்தர் நிறுவனத்தின் புகழ்பெற்ற 'ரிவர்சோ' கடிகாரம் 1931ஆம் ஆண்டில் பிறந்ததற்கும் இந்தியாவே காரணம். இங்கு போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் ஆட்டத்தின்போது அடிக்கடி உடைந்தன. அதைத் தவிர்க்கவே முகப்பைப் பின்புறமாகத் திருப்பி வைக்கும் அமைப்பு உருவாக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 1961ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் பெங்களூருவில் எச்எம்டி கைக்கடிகார ஆலை தொடங்கப்பட்டது. வெளிநாட்டுக் கடிகாரங்கள் பெரும்பாலும் கடத்தல் வழியாகவோ, வெளிநாட்டில் இருந்து திரும்பும் உறவினர் கைவழியாகவோ மட்டுமே கிடைத்தன. சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கடிகாரம் வாங்கியவர்களுக்கு, அது அசலா என்ற ஐயம் எப்போதும் உடன்வந்தது. ரசீதும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

1984ஆம் ஆண்டில் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஒசூரில் ஆலை அமைந்தது. கடிகாரத்தை அழகிய தனிக்காட்சியகத்தில் வைத்து, தேர்ந்தெடுக்க நேரம் கொடுத்து விற்கும் பழக்கத்தை இந்திய நடுத்தரக் குடும்பங்களிடம் பரவலாக்கியதில் அந்நிறுவனத்திற்குப் பெரும் பங்கு உண்டு. 1991இல் தொடங்கிய தாராளமயமும், 2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதும், 2006 முதல் ஒற்றை முத்திரை சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு அனுமதிக்கப்பட்டதும் சுவிஸ் நிறுவனங்களுக்கு வாசலைத் திறந்தன. ரசீதும் உத்தரவாதமும் கொடுக்கும் கடைகளில் வெளிநாட்டுக் கடிகாரம் வாங்குவது அதன் பின்னரே இயல்பானது.

துல்லியம் குறைந்த பொருளுக்கு விலை அதிகம் ஏன்?

சொகுசுக் கடிகாரக் கடையில் முதன்முறையாக நுழைபவரைத் திகைக்க வைக்கும் உண்மை ஒன்று உண்டு. அங்கே பல லட்சம் ரூபாய்க்கு விற்கப்படும் இயந்திரக் கடிகாரத்தை விட, சில நூறு ரூபாய் விலையுள்ள குவார்ட்ஸ் கடிகாரம் துல்லியமாக நேரம் காட்டும்.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் பேட்டரியின் மின்சாரத்தால் ஒரு சிறு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்திற்கு 15 நொடி அளவுக்கே அது முன்பின் ஆகும். இயந்திரக் கடிகாரத்தில் பேட்டரி இல்லை. சுருட்டி வைக்கப்பட்ட வில்சுருள் மெல்ல விரிந்து பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. சமநிலைச் சக்கரம் ஒன்று இருபுறமும் ஊசலாடி அந்த விசையைச் சீராகப் பங்கிடுகிறது. இன்றைய கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 28,800 அதிர்வுகளை, அதாவது நொடிக்கு 8 அதிர்வுகளைத் தருகிறது. ஒரு நாளில் 6,91,200 அதிர்வுகள்.

சுவிட்சர்லாந்தின் அதிகாரப்பூர்வ க்ரோனோமீட்டர் பரிசோதனை நிறுவனம் 15 நாட்கள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் சோதித்துச் சான்று அளிக்கிறது. அச்சான்றைப் பெற, கடிகார இயந்திரத்தின் சராசரி நாள் வேறுபாடு 4 நொடி பின்னடைவுக்கும் 6 நொடி முன்னேற்றத்திற்கும் இடையே இருக்க வேண்டும். கேட்பதற்குப் பெரிய பிழையாகத் தோன்றினாலும், ஒரு நாளின் 86,400 நொடிகளில் 6 நொடி என்பது 0.007 சதவீதமே. மின்சாரத்தின் துணையின்றி, உலோகத் துண்டுகளால் மட்டும் இதைச் சாதிப்பதில்தான் அக்கலையின் மதிப்பு அடங்கியுள்ளது.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் சுவிஸ் கடிகாரத் தொழில் நிலைகுலைந்தது. 1970இல் ஏறத்தாழ 90 ஆயிரமாக இருந்த தொழிலாளர் எண்ணிக்கை, 1980களின் நடுப்பகுதியில் 30 ஆயிரம் அளவுக்குச் சுருங்கியது. துல்லியத்திலும் மலிவிலும் போட்டியிட முடியாத நிலையில், எஞ்சிய நிறுவனங்கள் தங்கள் பொருளின் பொருளையே மாற்றின. கைவினை, மரபு, தலைமுறை கடந்து நிற்கும் உழைப்பு ஆகியவற்றை முன்னிறுத்தின. நேரம் காட்டும் கருவியாக இருந்தது நகையாகவும் நினைவுச் சின்னமாகவும் மாறியது.

இன்றைய சொகுசுக் கடையின் தோற்றத்தை இந்த வரலாறே விளக்குகிறது. பொருளின் பயன் கண்ணுக்கு எளிதில் புலப்படாதபோது, அதை விளக்கிச் சொல்ல ஓர் இடமும் ஆளும் தேவைப்படுகின்றனர். கடிகாரத்தின் பின்புறக் கண்ணாடி வழியே சமநிலைச் சக்கரம் துடிப்பதை உருப்பெருக்கியில் காட்டி விற்பனையாளர் விளக்கும் அந்த சில நிமிடங்களில், வாங்குபவரின் பார்வை மாறுகிறது.

கையில் கட்டிப் பார்க்கும்போது தெரிபவை

கடைக்கு நேரில் செல்வதன் முதல் பயன் மிக எளியது. கடிகாரம் கையில் பொருந்துகிறதா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு கடிகாரங்கள் மணிக்கட்டில் வெவ்வேறு அளவாகத் தோன்றலாம். பட்டையைப் பிணைக்கும் மேல் கீழ் முனைகளுக்கு இடையேயான நீளம், கடிகாரத்தின் தடிமன், எடை, முகப்பின் நிறம் ஆகிய அனைத்தும் அதைத் தீர்மானிக்கின்றன. மெலிந்த மணிக்கட்டுக்கு அந்த முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் கடிகாரம் அலமாரியில்தான் உறங்கும்.

உலோகச் சங்கிலிப் பட்டையில் எத்தனை கண்ணிகளைக் கழற்ற வேண்டும், பூட்டு எளிதாகத் திறக்கிறதா, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டி அதன் மேல் தடையின்றி இறங்குகிறதா என்பனவும் கடையிலேயே தெரிந்துவிடும். வியர்வையும் ஈரப்பதமும் மிகுந்த மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் தோல் பட்டை விரைவில் கெட்டுவிடும். அன்றாடம் அணிவோர் உலோக அல்லது ரப்பர் பட்டையைத் தேர்வது நல்லது.

நீர் புகாத்தன்மை குறித்த தவறான புரிதலையும் நல்ல விற்பனையாளர் கடையிலேயே நீக்குவார். முகப்பில் 30 மீட்டர் என்று எழுதியிருந்தால், 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் மழைத்தூறலையும் அது தாங்கும், அவ்வளவே. ஆழ்நீரில் இறங்குவோருக்கான கடிகாரங்களுக்குச் சர்வதேசத் தர விதி குறைந்தது 100 மீட்டரை வரையறுக்கிறது. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் தேய்வதால், அந்தத் தன்மையை அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

நம்பிக்கையே முதன்மை விற்பனைப் பொருள்

வாடிக்கையாளரை நேர்க்கடைக்கு இழுக்கும் மிகப்பெரிய காரணம் போலிகள் மீதான அச்சம். முன்பு போலிக் கடிகாரத்தை எழுத்துப்பிழை, லேசான எடை, மங்கிய முகப்பு ஆகியவற்றைக் கொண்டு எளிதில் கண்டுபிடிக்க முடிந்தது. இப்போது வரும் உயர்தரப் போலிகளை உள்ளே திறந்து பார்த்தால்தான் தேர்ந்த கடிகார வல்லுநராலேயே உறுதிசெய்ய முடியும் என்ற நிலை உள்ளது. அசல் பெட்டி, அசலைப் போன்ற உத்தரவாத அட்டை ஆகியவையும் போலியாக அச்சிடப்படுகின்றன.

அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கும்போது, கடிகாரத்தின் தொடர் எண்ணும் வாங்கிய தேதியும் உத்தரவாத அட்டையில் பதியப்படுகின்றன. பல முன்னணி நிறுவனங்கள் 5 ஆண்டு உத்தரவாதம் அளிக்கின்றன. சில நிறுவனங்களில் இணையத்தில் பதிவுசெய்தால் அது 8 ஆண்டு வரை நீளும். அசல் கடிகாரமே ஆனாலும், அங்கீகாரமற்ற வழியில் இறக்குமதி செய்யப்பட்டு விற்கப்படும்போது நிறுவன உத்தரவாதம் மறுக்கப்படலாம். இவ்வகை விற்பனை 'கிரே மார்க்கெட்' எனப்படுகிறது. அங்கே 10 அல்லது 15 சதவீதம் குறைவாக வாங்கியவர், முதல் பெரிய பழுதுக்கே அந்தச் சேமிப்பை இழக்க நேரிடலாம்.

'சுவிஸ் மேட்' என்ற இரண்டு சொற்களுக்கும் சட்டப் பொருள் உண்டு. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, கடிகாரத்தின் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் செலவிடப்பட்டிருக்க வேண்டும். உள்ளியந்திரம் சுவிஸ் தயாரிப்பாக இருக்க வேண்டும். கடிகாரத்தைக் கூட்டில் பொருத்துவதும் இறுதிப் பரிசோதனையும் அந்நாட்டிலேயே நடக்க வேண்டும். அதே வேளையில், மீதமுள்ள பாகங்கள் பிற நாடுகளில் இருந்து வரலாம் என்பதும் இவ்விதியின் உட்பொருள்.

விற்ற பின் தொடங்கும் உறவு

இயந்திரக் கடிகாரத்தில் பல பத்து முதல் சில நூறு வரையிலான நுண்பாகங்கள் உள்ளன. அவற்றின் உராய்வைக் குறைக்கும் எண்ணெய் காலப்போக்கில் வறண்டுவிடும். எனவே, கடிகாரத்தை முழுமையாகப் பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, மீண்டும் பூட்ட வேண்டும். 5 முதல் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் செய்யுமாறு ஒமேகா போன்ற நிறுவனங்கள் பரிந்துரைக்கின்றன. ரோலெக்ஸ் ஏறத்தாழ 10 ஆண்டு இடைவெளியைக் குறிப்பிடுகிறது. இதற்கான கட்டணம் பல ஆயிரம் ரூபாயில் தொடங்கும். கூடுதல் வசதிகள் கொண்ட சிக்கலான கடிகாரங்களுக்கு அது லட்சத்தையும் எட்டலாம். வாங்கும் நாளிலேயே இத்தொகையைக் கேட்டறிவது அவசியம்.

சிறு குறைகளுக்குக் கடையே தீர்வு சொல்லும். கடிகாரம் திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தினால், அது காந்தப்புலத்தால் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். செல்போன் உறை, மடிக்கணினி, கைப்பை ஆகியவற்றில் உள்ள காந்தங்கள் மெல்லிய சுருள்கம்பியின் வளையங்களை ஒட்டவைத்து ஊசலாட்டத்தை விரைவாக்கிவிடும். காந்தநீக்கக் கருவியில் சில நொடிகள் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதை அறியாதவர் பெரும் பழுது என்று அஞ்சித் தேவையற்ற செலவு செய்வதுண்டு. கடிகாரத்தின் துடிப்பொலியைக் கேட்டு அதன் ஓட்டத்தை அளக்கும் கருவியும், நீர் புகாமையைச் சோதிக்கும் கருவியும் நல்ல கடைகளில் அல்லது அவற்றின் பழுதுநீக்கும் மையங்களில் இருக்கும்.

பயன்படுத்திய கடிகாரங்களைப் பரிசோதித்துச் சான்றுடன் விற்கும் பிரிவுகளும் வளர்ந்து வருகின்றன. 2022 டிசம்பரில் ரோலெக்ஸ் நிறுவனமே இத்தகைய சான்றளிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் எதோஸ் நிறுவனம் 'செகண்ட் மூவ்மெண்ட்' என்ற பெயரில் இப்பிரிவை நடத்துகிறது. முன்பின் அறியாதவரிடம் வாங்குவதை விட இங்கு விலை கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதல் தொகை பரிசோதனைக்கும் உத்தரவாதத்திற்கும் கொடுக்கப்படும் கட்டணமே.

விலையில் வரியின் பங்கு எவ்வளவு?

வெளிநாட்டில் வாங்கினால் மலிவு என்ற எண்ணம் இந்தியாவில் பரவலாக உள்ளது. அதற்கு வரியே முக்கியக் காரணமாக இருந்தது. 2018 பட்ஜெட்டில் கைக்கடிகாரங்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரியும் சேர்ந்து 22 சதவீதமானது. பின்னர் 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. இதன்படி, இறக்குமதி மதிப்பு 1,00,000 ரூபாயாக உள்ள கடிகாரத்திற்குச் சுங்க வரி 22,000 ரூபாய். 1,22,000 ரூபாய் மீது ஜிஎஸ்டி 21,960 ரூபாய். கடையின் செலவும் லாபமும் சேரும் முன்பே அதன் அடக்கம் 1,43,960 ரூபாய் ஆகிவிடுகிறது.

இந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகிய நாடுகள் அடங்கிய ஐரோப்பியத் தடையில்லா வர்த்தகக் கூட்டமைப்புடன் இந்தியா 2024 மார்ச் 10 அன்று ஒப்பந்தம் செய்துகொண்டது. அது 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்கீழ் சுவிஸ் கடிகாரங்கள் மீதான சுங்க வரி 7 ஆண்டுகளில் படிப்படியாக நீக்கப்படும். வரி குறைந்ததும் விலை அதே அளவில் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. சுவிஸ் பிராங்கின் மதிப்பு, தங்கத்தின் விலை, நிறுவனங்கள் ஆண்டுதோறும் செய்யும் விலை உயர்வு ஆகியவையும் இறுதி விலையைத் தீர்மானிக்கும். எனினும், வெளிநாட்டு விலைக்கும் உள்நாட்டு விலைக்கும் இடையேயான இடைவெளி குறையக் குறைய, உள்ளூர்க் கடையின் ஈர்ப்பு கூடும்.

வெளிநாட்டில் வாங்கி வருவோர், விதிகள் அனுமதிக்கும் வரம்பைத் தாண்டிய மதிப்புள்ள கடிகாரத்தை விமான நிலையச் சுங்கத் துறையிடம் அறிவித்து வரி செலுத்த வேண்டும். கையில் கட்டிக்கொண்டு வந்தால் வரி இல்லை என்ற நம்பிக்கை பலருக்குப் பறிமுதலிலும் அபராதத்திலும் முடிந்துள்ளது.

உள்நாட்டில் வாங்குவோரும் இரண்டு விதிகளை அறிந்திருக்க வேண்டும். ஒரு பரிவர்த்தனையில் 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறக் கடைக்குச் சட்டம் தடை விதிக்கிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள கைக்கடிகாரங்களுக்கு 2025 ஏப்ரல் 22 முதல் 1 சதவீத வரியை விற்பனையாளரே வசூலித்து, வாங்குபவரின் பான் எண்ணில் செலுத்த வேண்டும். 12 லட்சம் ரூபாய்க் கடிகாரத்திற்கு இது 12,000 ரூபாய். இது தனிச் செலவு அன்று; வருமான வரிக் கணக்கில் இத்தொகையை ஈடுசெய்துகொள்ளலாம்.

ஈர்ப்பின் மறுபக்கம்

இக்கடைகள் வாடிக்கையாளரின் நலனுக்காக மட்டும் நடப்பவை அல்ல. மென்மையான ஒளி, இருக்கை, உபசரிப்பு, அவசரப்படுத்தாத பேச்சு ஆகிய அனைத்தும் விற்பனையை நோக்கமாகக் கொண்டவையே. ஒரு மணி நேரம் உபசரிக்கப்பட்ட பின் வெறுங்கையுடன் வெளியேறப் பலருக்குக் கூச்சம் ஏற்படுகிறது. வட்டியில்லாத் தவணை என்ற வசதி, திட்டமிட்ட தொகையை விட ஒரு படி மேலே உள்ள கடிகாரத்தை நோக்கி வாங்குபவரை நகர்த்துகிறது. பட்ஜெட்டை முன்கூட்டியே வகுத்து, முதல் வருகையில் வாங்குவதில்லை என்ற உறுதியுடன் செல்வது இதற்கு எளிய தற்காப்பு.

அதிகம் தேடப்படும் சில வகைக் கடிகாரங்களைப் பணம் இருந்தாலும் உடனே வாங்க முடியாது. பெயரைப் பதிந்துவிட்டு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ காத்திருக்க வேண்டும். யாருக்கு முதலில் கொடுப்பது என்பதைக் கடைகளே முடிவு செய்வதால், முன்பு வேறு பொருட்களை வாங்கியவருக்கு முன்னுரிமை கிடைக்கிறது என்ற மனக்குறை உலகெங்கும் உள்ள வாடிக்கையாளர்களிடம் உண்டு. வேண்டாத ஒரு கடிகாரத்தை வாங்கினால் வேண்டிய கடிகாரம் கிடைக்கும் என்ற குறிப்பு வெளிப்பட்டால், அது எழுத்தில் இல்லாத வாக்குறுதி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடிகாரம் ஒரு முதலீடு என்ற பேச்சிலும் எச்சரிக்கை தேவை. பெருந்தொற்றுக் காலத்தில் சில வகைக் கடிகாரங்களின் மறுவிற்பனை விலை கடைவிலையை விடப் பல மடங்கு உயர்ந்தது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சம் தொட்ட அந்த விலைகள் பின்னர் கணிசமாகச் சரிந்தன. கடைவிலையை விடக் கூடுதலாக மறுவிற்பனை ஆகும் கடிகாரங்கள் ஒரு சில நிறுவனங்களின் ஒரு சில வகைகள் மட்டுமே. மற்றவை கடையை விட்டு வெளியே வந்ததும் மதிப்பில் ஒரு பகுதியை இழக்கின்றன. தங்கத்தைப் போல எந்த ஊரிலும் அன்றைய விலைக்கு விற்கும் வசதியும் கடிகாரத்திற்கு இல்லை.

இந்தியத் தயாரிப்புகளின் வருகை

சொகுசு என்றாலே சுவிட்சர்லாந்து என்ற நிலையிலும் சிறு மாற்றம் தெரிகிறது. 2002ஆம் ஆண்டில் 1.15 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட உள்ளியந்திரத்துடன் 'எட்ஜ்' கடிகாரத்தை உருவாக்கிய டைட்டன், அண்மையில் மிகச் சிக்கலான தூர்பியோன் அமைப்பு கொண்ட கடிகாரத்தையும் வெளியிட்டுள்ளது. 2013இல் தொடங்கப்பட்ட ஜெய்ப்பூர் வாட்ச் நிறுவனம் பழைய நாணயங்களை முகப்பாகப் பயன்படுத்துகிறது. 2018இல் தொடங்கப்பட்ட பெங்களூர் வாட்ச் நிறுவனம் இந்திய விண்வெளி, விமானப்படை வரலாறுகளை மையமாகக் கொண்டு கடிகாரங்களை வடிவமைக்கிறது. ஃபாவ்ரே லூபா என்ற பழம்பெயரே எதோஸ் குழுமத்தின் முயற்சியால் 2024இல் ஜெனீவாவில் மீண்டும் அறிமுகமானது. பம்பாய்க்குக் கடிகாரம் விற்க வந்த நிறுவனம், இந்தியர்களின் கைகளுக்கே வந்து சேர்ந்துள்ளது.

வாங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

முதலாவதாக, கடை அங்கீகரிக்கப்பட்டதா என்பதைக் கடிகார நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விற்பனையாளர் பட்டியலில் உறுதிசெய்ய வேண்டும். கடையில் தொங்கும் சான்றிதழ் மட்டும் போதாது. இரண்டாவதாக, பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, கடிகாரத்தில் உள்ள தொடர் எண், உத்தரவாத அட்டை, ஜிஎஸ்டி ரசீது ஆகிய மூன்றிலும் ஒன்றாக உள்ளதா என்பதைக் கடையிலேயே ஒப்பிட வேண்டும். தேதி குறிப்பிடாத உத்தரவாத அட்டையை ஏற்கக் கூடாது.

நான்காவதாக, பழுதுநீக்கும் மையம் எந்த ஊரில் உள்ளது, வழக்கமான பராமரிப்புக்கு எவ்வளவு காலமும் கட்டணமும் ஆகும், வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்குமா என்று கேட்டறிய வேண்டும். ஐந்தாவதாக, ரசீதையும் கடிகாரத்தின் படங்களையும் பாதுகாத்து, அதிக மதிப்புள்ளதாயின் வீட்டுக் காப்பீட்டில் அதைச் சேர்க்க வேண்டும். குறையுள்ள பொருள் விற்கப்பட்டாலோ, உத்தரவாதம் காரணமின்றி மறுக்கப்பட்டாலோ, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அங்கு அவரது வாதத்திற்கு முதல் ஆதாரமாக நிற்கப்போவது, கடையில் கேட்டு வாங்கிய முறையான ரசீதுதான்.